உட்கார்ந்திருக்கும் பையன்... ஓடும் இதயம்!

ஃபெராரி கார் என்றால் நம்மில் பல பேருக்கு மேன்ஷன் அறைச் சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சிவப்பு போஸ்டர்தான் ஞாபகத்துக்கு வரும். இன்னும் சில பேர் அதன் விலையை மாதச் சம்பளத்தால் வகுத்துப் பார்த்து, 'போன ஜென்மத்திலேயே சேர்க்க ஆரம்பிச்சிருக்கணும்' என்று காலண்டரைத் திருப்பி மாட்டியிருப்பார்கள்.

அந்தக் கம்பெனியின் முதலாளி என்ஸோ ஃபெராரிக்கு ஒரு மகன் இருந்தான். ஆல்ஃப்ரெடோ என்று பெயர். வீட்டில் டீனோ. என்ஜின் பைத்தியம். 1956 ஜூன் 30ம் தேதி இறந்து போனபோது அவனுக்கு வயது 24. காரணம், தசைச் சிதைவு நோய்.

உலகத்திலேயே வேகமான கார்களைச் செய்த அப்பா, மகனுக்காக என்ன செய்தார் தெரியுமா? கணக்கு எழுதினார். தினம் தினம். இன்று என்ன சாப்பிட்டான், எத்தனை கலோரி, சிறுநீரில் அல்புமின் எவ்வளவு, ரத்தத்தில் யூரியா எவ்வளவு என்று வரைபடம் போட்டு வைத்திருந்தார். டேலி ஆகிவிட்டால் பையன் பிழைத்துவிடுவான் என்று நினைத்திருப்பார் போல. பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த விஷயம் தொண்டையில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. பிறகு ஒரு என்ஜினுக்கு அவன் பேரை வைத்தார்கள். கார்களுக்கு வைத்தார்கள். இமோலா பந்தய மைதானத்துக்கும் வைத்தார்கள்.

அந்த அப்பா எழுதிய கணக்கில் சாப்பாடு இருந்தது. சிறுநீரகம் இருந்தது. இதயம் இல்லை.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஸ்வீடனில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரரும், உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் கருவியை இரவல் வாங்கி, துடிக்கிற இதயத்தின் எதிரொலியை முதன்முதலாகப் பதிவு செய்ததே 1953ல்தான். இன்று ஸ்கேன் சென்டருக்கு ஸ்கேன் சென்டர் 'எக்கோ எடுக்கப்படும்' என்று போர்டு தொங்குகிறதே, அதன் பாட்டன் அதுதான். டீனோ காலத்தில் அது கைக்குழந்தை.

ஆனால் இன்றும் இந்த நோய் உள்ள பல வீடுகளில் இதயம் கணக்கில் கடைசி வரியாகத்தான் வருகிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

* * *

தசைச் சிதைவில் பல வகை. பையன்களைப் பாடாய்ப் படுத்துவது டூஷேன் வகை. டூஷேன் என்பது 19ம் நூற்றாண்டு ஃபிரெஞ்சு டாக்டரின் பெயர். அவருக்கு முன்னாலேயே லண்டனில் மெரியன் என்ற டாக்டர் 1850களின் துவக்கத்தில் இதை விவரமாக எழுதிவிட்டார். பெயர் என்னவோ டூஷேனுக்குப் போய்விட்டது. ஃபைலைத் தயார் பண்ணுகிறவர் ஒருத்தர், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருத்தர். எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான்!

ஏறக்குறைய 3500லிருந்து 5000 ஆண் குழந்தைகளுக்கு ஒன்று இந்த நோயோடு பிறக்கிறது. மூன்று, நாலு வயசில் பையன் அடிக்கடி விழுவான். கெண்டைக்கால் மட்டும் பயில்வான் மாதிரி புடைத்திருக்கும். தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கை ஊன்றி, தன் மேலேயே ஏறுகிற மாதிரி எழுவான். பத்து, பன்னிரண்டு வயது வாக்கில் வீல்சேர். ஸ்டீராய்டு மாத்திரைகள் வந்த பிறகு இது கொஞ்ச வருஷம் தள்ளிப் போகிறது.

காரணம் ஒரு புரதம். டிஸ்ட்ரோபின். 1987ல் அமெரிக்காவில் கங்கெல், ஹாஃப்மன் கோஷ்டி கண்டுபிடித்துப் பெயர் வைத்தது. தசை ஒவ்வொரு முறை சுருங்கி விரியும்போதும் அதன் மேல் உறை கிழிந்துவிடாமல் தாங்குவது இதன் வேலை. பஸ்ஸுக்கு ஷாக் அப்ஸார்பர் மாதிரி. இந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணு மனித உடம்பிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. சுமார் 22 லட்சம் எழுத்து. இத்தனை நீளத்துக்கு டைப் அடித்தால் எங்கேயாவது தப்பு விழத்தானே செய்யும்? தப்பு விழுந்த பையனுக்கு டிஸ்ட்ரோபின் இல்லை. ஷாக் அப்ஸார்பர் இல்லாத பஸ் நம்ம ரோட்டில் ஓடினால் என்ன ஆகும்? அதேதான். தசை கிழிந்து, ஆறி, மறுபடி கிழிந்து, கடைசியில் அந்த இடத்தில் கொழுப்பும் தழும்பு நாரும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

கால் தசைக்கு ராத்திரி ஓய்வு உண்டு. வீல்சேருக்கு வந்தபின் பகலிலும் ஓய்வுதான். இதயமும் தசைதான் சார். அதற்கும் டிஸ்ட்ரோபின் வேண்டும். ஆனால் அதற்கு சி.எல். கிடையாது, இ.எல். கிடையாது, மெடிக்கல் லீவும் கிடையாது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிந்தே ஆகவேண்டும்.

* * *

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். பையனுக்குப் பதினாலு வயசு. வீல்சேர். அம்மா தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

"மூச்சு வாங்குதா?" என்கிறார் டாக்டர்.

"இல்லீங்க டாக்டர்."

"மாடிப்படி ஏறினா நெஞ்சு படபடக்குதா?"

பையன் அம்மாவைப் பார்க்கிறான். அம்மா டாக்டரைப் பார்க்கிறார். மாடிப்படி ஏறி நாலு வருஷம் ஆச்சு!

"வேற ஏதாவது?"

"நாலு நாளா வயித்து வலிங்கறான் டாக்டர். சாப்பாடு எறங்கல. ரெண்டு தடவை வாந்தி. மாமா வந்தப்போ பரோட்டா வாங்கிக் குடுத்தாரு, அதுவாத்தான் இருக்கும்..."

வயிற்றுக்கு ஒரு மாத்திரை. பரோட்டா மேல் பழி. மாமாவுக்கு வீட்டில் அர்ச்சனை.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் இதயம் பலவீனமானால் முதலில் தெரிவது பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது. பத்து அடி ஓடியதும் மூச்சு இரைக்கும், நின்றுவிடுவோம், பயந்துபோய் டாக்டரிடம் போவோம். ஓடவே முடியாத பையனுக்கு அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. கால் முதலில் நின்றுவிட்டதால், இதயம் திணறுவது வெளியே தெரியாமல் போகிறது. தெரியும்போது வேறு வேஷத்தில் வரும். வயிற்று வலி, வாந்தி, பசியின்மை, எடை குறைவது, படுத்தால் இருமல், ராத்திரி சரியாகத் தூக்கமில்லாதது, காரணமில்லாத அசதி. எல்லாமே, 'வயசுப் பையன், சரியா சாப்பிட மாட்டேங்கறான்' என்று ஒரு வாக்கியத்தில் தள்ளிவிடக் கூடியவை.

ஒரே ஒரு சின்னத் துப்பு உண்டு. சும்மா உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு நூறை ஒட்டி, நூறைத் தாண்டி ஓடுவது. இந்தப் பையன்களுக்கு இது சகஜம். சகஜம் என்பதற்காக அலட்சியம் செய்யலாம் என்று அர்த்தமில்லை.

1990ல் இத்தாலியில் நேப்பிள்ஸைச் சேர்ந்த நிக்ரோவும் சகாக்களும் 328 டூஷேன் நோயாளிகளின் இதயத்தை வருஷக்கணக்கில் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆறு வயதுக்குள்ளேயே நாலில் ஒருவருக்கு, வெளியே ஒன்றும் தெரியாமல், சோதனையில் மட்டும் தெரிகிற மாதிரி இதயத்தில் மாற்றம் இருந்தது. வெளிப்படையான கோளாறு பத்து வயதுக்கு மேல் ஆரம்பித்தது. பதினெட்டைத் தாண்டியவர்களில்? எல்லாருக்கும். விதிவிலக்கே இல்லை.

அப்படியானால் முன்பெல்லாம் ஏன் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை? காரணம் கொஞ்சம் கொடூரமானது. இதயம் கெடும் வரை பல பையன்கள் இருந்ததில்லை. மூச்சுத் தசை முதலில் கைவிட்டுவிடும். இங்கிலாந்தில் நியூகாஸில் ஆஸ்பத்திரிக் கணக்கு ஒன்று 2002ல் வந்தது. 1960களில் இந்த நோயாளிகளின் சராசரி மரண வயது 14.4. ராத்திரியில் முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவி வந்து, 1990க்குப் பிறகு அதைப் பயன்படுத்தியவர்களுக்கு 25.3. பதினோரு வருஷம் கூடுதல்! சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பதினோரு வருஷத்தையும் சேர்த்து ஓட வேண்டியது யார்? இதயம். இன்று நல்ல கவனிப்பு உள்ள இடங்களில் முப்பதைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரைப் பறிக்கும் காரணங்களில் இதயம் முன்வரிசைக்கு வந்துவிட்டது.

* * *

எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப்.' என்று ஒன்று போட்டிருப்பார்கள். பயமுறுத்தும் சங்கதி இல்லை. இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவிகிதம் வெளியே போகிறது என்பதுதான். கல்லாவில் நூறு ரூபாய் இருந்தால் ஐம்பத்தைந்திலிருந்து எழுபது ரூபாய் வரை புழக்கத்துக்குப் போக வேண்டும். நாற்பது, முப்பது என்று இறங்கினால் கடை ஆட்டம் காண்கிறது.

கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், லாப நஷ்டக் கணக்கு நன்றாக இருக்கும்போதே உள்ளே மெஷின் தேய்ந்துகொண்டிருக்கும். அதற்குத்தான் தேய்மானம் என்று வருஷா வருஷம் எழுதி வைக்கிறோம். இதயமும் அப்படித்தான். இ.எஃப். அறுபது என்று அழகாக இருக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்தால், இடது கீழறையின் பின்பக்க வெளிச்சுவரில் தழும்பு ஏற ஆரம்பித்திருப்பது தெரியும். தழும்பு ஏறிய இடம் திரும்பத் தசையாவதில்லை. ஆகவே 'இ.எஃப். இறங்கட்டும், அப்புறம் மருந்து பார்க்கலாம்' என்று காத்திருப்பது, கம்பெனி திவாலாகட்டும், அப்புறம் ஆடிட்டரைக் கூப்பிடலாம் என்பது போல.

இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. பாரிஸில் டூபோக் என்ற இதய டாக்டர் சோதித்தே பார்த்தார். ஒன்பதரை முதல் பதிமூன்று வயது வரை உள்ள 57 பையன்கள். எல்லாருக்கும் இதயம் அப்போது 'நார்மல்'. 28 பேருக்கு பெரிண்டோப்ரில் என்ற மாத்திரை. 29 பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மூன்று வருஷம் இப்படி. அதற்கப்புறம் எல்லாருக்கும் நிஜ மருந்தே கொடுத்தார்கள். அதாவது இரண்டு கோஷ்டிக்கும் வித்தியாசம் மூன்று வருஷம் முன்னே, பின்னே என்பது மட்டும்தான்.

ஐந்தாம் வருஷ முடிவில் இ.எஃப். 45க்குக் கீழே போனவர்கள், முன்னே ஆரம்பித்தவர்களில் 1. பின்னே ஆரம்பித்தவர்களில் 8. பத்தாம் வருஷம் எண்ணிப் பார்த்தபோது, முன்னே ஆரம்பித்த 28 பேரில் 26 பேர் உயிரோடு இருந்தார்கள். பின்னே ஆரம்பித்த 29 பேரில் 19 பேர்.

இந்தக் கணக்கை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். சின்ன சோதனைதான், 57 பேர்தான் என்று புள்ளிவிவரக்காரர்கள் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும். பையனைப் பெற்றவர்களுக்கு மூன்று வருஷம் என்பது எவ்வளவு பெரியது என்று இதில் தெரிகிறது.

பெரிண்டோப்ரில் என்ன, இமயமலை மூலிகையா? ரத்த அழுத்தத்துக்குப் பெரியவர்கள் சாப்பிடும் சாதாரண மாத்திரைக் குடும்பம்தான். எனாலப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில் எல்லாம் அண்ணன் தம்பிகள். நம் மேனேஜரின் மேஜை டிராயரிலேயே ஒரு அட்டை கிடக்கலாம்! 2018ல் வெளியான சர்வதேச சிகிச்சைக் குறிப்பு, இதயம் நன்றாகவே இருந்தாலும் பத்து வயதுக்குள் இந்த வகை மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்கிறது. நோய் தெரிந்த அன்றே இதயப் பரிசோதனை, அப்புறம் வருஷம் ஒரு முறையாவது, கோளாறு தெரிந்தால் இன்னும் அடிக்கடி. இத்தோடு தழும்பைத் தள்ளிப்போட எப்ளெரெனோன், ஸ்பைரோனோலாக்டோன் என்று வேறு மாத்திரைகளும் சோதிக்கப்பட்டு உபயோகத்தில் இருக்கின்றன.

உடனே பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பிவிடாதீர்கள். அளவு, ரத்த அழுத்தம், பொட்டாசியம், சிறுநீரகம் எல்லாம் பார்த்து இதய டாக்டர் தரவேண்டிய மருந்து. கேட்க வேண்டியது நம் வேலை: "டாக்டர், பையனுக்குப் பத்து வயசாகப் போகுது. இதயத்துக்கு மருந்து ஆரம்பிக்கலாமா?" இந்த ஒரு கேள்விக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், 2023ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு மருந்து ஒன்று இருக்கிறது. ஒரே ஊசி. விலை 32 லட்சம் டாலர். நம்ம காசில் 26 கோடிக்கு மேல். டீனோவின் அப்பாவால் முடியலாம். அதுவும் 2025ல் அதைப் போட்டுக்கொண்ட, நடக்க முடியாத நிலையிலிருந்த இரண்டு பதின்வயதுப் பையன்கள் ஈரல் செயலிழந்து இறந்த பிறகு, அந்த நிலையில் உள்ளவர்களுக்குத் தருவது நிறுத்தப்பட்டது. ஆராய்ச்சி நடக்கட்டும், நல்லது வரட்டும். அதுவரை மாத்திரை அட்டையை மறக்க வேண்டாம் என்பதே என் கட்சி.

* * *

இதில் பெரிய தலைவலி, மருந்து சாப்பிட வேண்டியவன் பதினாலு வயசுப் பையன் என்பது. அந்த வயசில் நாமெல்லாம் டிபனையே ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. 'எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, எதுக்கு மாத்திரை?' என்பான். நியாயமான கேள்வி. பல வீடுகளில் 'சத்து மாத்திரைடா கண்ணா' என்று சமாளிக்கிறார்கள். என் அபிப்பிராயம், இது நிற்காது. அவனுக்கு செல்போன் தெரியும், தேடிப் படிக்கத் தெரியும். அப்பா அம்மா சொல்வதற்கு முன்னால் பாதி விஷயம் அவனுக்கே தெரிந்திருக்கும். தனியாகத் தெரிந்துகொண்டு தனியாகப் பயந்துகொண்டிருப்பான்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டேரியஸ் வீம்ஸ் என்று ஒரு பையன். அண்ணனும் இதே நோய். பத்தொன்பது வயதில் இறந்துவிட்டான். ஆக, தனக்கு என்ன வரப்போகிறது என்று டேரியஸுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. 2005ல் அவனுக்குப் பதினைந்து வயது. சொந்த ஊரைவிட்டு வெளியே போனதில்லை. பதினோரு சிநேகிதர்கள் ஒரு பெரிய வேனில் அவனை ஏற்றிக்கொண்டு, நாட்டின் இந்தக் கோடியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பினார்கள். எதற்கு? பழைய கார்களுக்கு மேக்கப் போட்டு ஜோராக்கித் தரும் டி.வி. நிகழ்ச்சி ஒன்றில், அவன் வீல்சேருக்கு மேக்கப் போட்டுத் தரச் சொல்வதற்கு! டி.வி.காரர்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள். அதனால் என்ன? வழியில் அவன் முதன்முதலாகக் கடலைப் பார்த்தான். அந்தப் பயணம் 'டேரியஸ் கோஸ் வெஸ்ட்' என்ற படமாக வந்தது. ஊர் ஊராகக் காட்டி ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார்கள். டேரியஸ் 2016ல் காலமானான். வயது 27. அண்ணனை விட எட்டு வருஷம் அதிகம்.

பதினோரு சிநேகிதர்கள் என்பதைக் கவனித்தீர்களா? நம் தெருவில் இப்படி ஒரு பையன் இருந்தால், 'பாவம்' என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போகிறோம். எக்கோவுக்கு அழைத்துப் போக ஒரு நாள் லீவு எடுத்து, ஆட்டோவில் தூக்கி உட்கார வைக்க இரண்டு கை கிடைத்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய உபகாரம்! பல பேருக்குச் சோதனை தள்ளிப்போவது காசில்லாமல் அல்ல, தூக்க ஆளில்லாமல்.

தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது தெரிந்திருக்க வேண்டிய சில விஷயம். இந்தப் பையன்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறானாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே போகணும். ஆனால் நடு ராத்திரி டியூட்டி டாக்டருக்கு நோயின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் இவர்களுக்கு ரத்தத்தில் ட்ரோபோனின் சாதாரண நாளிலேயே அதிகமாக இருக்கலாம். பார்த்தவர் மாரடைப்பு என்று நினைக்கக் கூடும். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எகிறியிருக்கும். மஞ்சள் காமாலையோ என்று ஈரலைத் துருவுவார்கள். அது தசையிலிருந்து வருவது. கிரியேட்டினின் மட்டும் அழகாகக் குறைந்திருக்கும். தசையே குறைவு என்பதால் அது சிறுநீரகத்துக்கு நற்சான்று ஆகாது. ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் முதல் வாக்கியமே 'டூஷேன்' என்று இருக்கணும். சக்ஸினில்கோலின் என்ற மருந்து இவர்களுக்கு இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது. இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி, கடைசி எக்கோ ரிப்போர்ட்டோடு வீல்சேரின் பின்பையில் போட்டு வைத்தால் அரை மணி நேரம் மிச்சம்.

மருந்தையும் தாண்டி இதயம் தளர்ந்துவிட்டால்? 2010ல் ரோம் நகரில் பம்பினோ ஜெஸு குழந்தைகள் ஆஸ்பத்திரியில், இதே நோய் உள்ள பதினைந்து வயதுப் பையனுக்கு, மாற்று இதயம் பொருத்தும் வாய்ப்பு இல்லை என்ற நிலையில், இதயத்துக்குள் ஒரு சின்ன பம்ப்பை நிரந்தரமாக வைத்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு பிளக். இடுப்பில் பாட்டரி. ராத்திரி செல்போன் மாதிரி சார்ஜ் போட வேண்டும். எல்லாருக்கும் ஒத்து வருகிற வைத்தியம் இல்லை, எல்லா ஊரிலும் செய்வதும் இல்லை. ஆனாலும், 'இந்த நோய்க்கு இதுக்கு மேல என்னத்தைச் செய்ய' என்று கையை விரித்த காலம் போய்விட்டது என்பதற்கு அது ஒரு அத்தாட்சி.

* * *

அம்மாவை மறந்துவிட்டோமே!

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது அம்மா கொடுத்தது. மூன்றில் ஒரு பையனுக்கு அம்மாவிடம் தப்பே இல்லாமல் புதிதாக நேர்கிறது. மீதிப் பேருக்கு அம்மாவிடமிருந்து வந்தது. இதை வைத்து மாமியார்கள் நடத்திய கச்சேரிகள் கொஞ்சநஞ்சமல்ல. யாரும் விரும்பி எழுதிக் கொடுத்த உயிலா அது?

அம்மாவுக்கு இன்னொரு எக்ஸ் துணைக்கு இருப்பதால் பெரும்பாலும் கை கால் நன்றாகவே இருக்கும். ஆனால் மரபணுவைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு அதே இதயத் தசைக் கோளாறு பின்னாளில் வருவதுண்டு. அசதி, படபடப்பு என்று ஆரம்பிக்கும். வளர்ந்த பையனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கும் தினம் பத்துத் தடவை தூக்கி இறக்குகிற பெண்மணிக்கு அசதி இருக்காதா என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். முதலில் விடுவது அவரேதான். பையனுக்குச் சொன்ன அதே கதை இங்கேயும். மரபணுச் சோதனையில் உறுதியான அம்மாக்களும், அதே மாதிரி உறுதியான அக்கா தங்கைகளும் பெரியவர்களான பின் மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இதயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதே சிகிச்சைக் குறிப்பு.

அடுத்த முறை பையனை எக்கோ அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, கவுண்ட்டரில் அம்மா பேரிலும் ஒரு டோக்கன் போடச் சொல்லுங்கள்.